இழுத்தால் வருமா பால்

முதலில் என் முட்டாள்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் சொன்னால் இரண்டு மடங்காகத்தான் சொல்வார்கள். தாய்ப்பால் என்பது இழுத்தால் வரும், இன்னும் பலமாக இழுத்தால் இன்னும் நிறைய வரும் என்று நான் நம்பினேன். போகிற போக்கில் நம்பவில்லை. தொழில்முறையாக நம்பினேன்.

நான் ஏர்கான் வேலை செய்கிறவன். புது ஏர்கான் பொருத்தினால், கேஸ் ஏற்றுவதற்கு முன்னால் செம்புக் குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வேக்குவம் பம்ப் வைத்து முழுக்க உறிஞ்சி எடுக்க வேண்டும். பம்பை மாட்டிவிட்டு, மீட்டரில் முள் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பதிலேயே என் பாதி ஆயுள் போயிருக்கிறது. முள் இறங்கவில்லை என்றால் காரணம் இரண்டுதான். எங்கேயோ கசிவு இருக்கிறது. இல்லாவிட்டால் பம்ப் சோப்ளாங்கி. மூன்றாவது காரணம் ஒன்று இருப்பதாக யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

இப்படிப்பட்ட ஒரு மண்டையின் கையில்தான் என் மனைவியின் பால் பம்ப் வந்து சேர்ந்தது.

எங்களுக்குப் பிள்ளை பிறந்தபோது எனக்குத் தலையில் பாதி முடி இல்லை, இருந்த பாதியும் வெள்ளை. கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்து, இனி இல்லை என்று நாங்களே முடிவுகட்டி, அந்த முடிவுக்குப் பழகியும் போன பிறகு அவள் வந்தாள். வந்தவள் சொன்ன தேதிக்கு வரவில்லை. ரொம்ப முன்னாலேயே வந்துவிட்டாள். நான் தினமும் தூக்கிக்கொண்டு அலைகிற டிரில் மெஷின் அவளைவிடக் கனம். குறைமாதப் பிள்ளைகளை வைத்திருக்கும் வார்டு வாசலில் முதல் நாள் நான் கைகழுவிவிட்டு நின்றபோது ஒரு தாதி ரொம்ப மரியாதையாகத் தடுத்தார்.

“அங்கிள், தாத்தா பாட்டியெல்லாம் சாயங்காலம்தான் வரணும். இப்ப அப்பா அம்மா மட்டும்.”

“நான்தாம்மா அப்பா.”

அந்தப் பெண் என்னையும் என் மண்டையையும் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தார். எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வர இடமும் இல்லை. உடம்பு முழுக்கப் பயம் உட்கார்ந்திருந்தது.

பிள்ளைக்கு உறிஞ்சிக் குடிக்கத் தெம்பு இல்லை. மூக்கு வழியாக நூல் போன்ற ஒரு குழாய் வயிற்றுக்குப் போனது. அதன் வழியாகத்தான் பால். இவ்வளவு சீக்கிரம் பிறந்த பிள்ளைகளின் குடலுக்குத் தாய்ப்பால் ரொம்ப நல்லது, கொஞ்சமாக இருந்தாலும் கொண்டுவாருங்கள் என்று டாக்டர் சொன்னார். அறுவைப் பிரசவத்தில் என் மனைவிக்கு நிறைய ரத்தம் போயிருந்தது. முகம் வெளுத்து, சக்கர நாற்காலியில் பிள்ளையை வைத்திருந்த கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், டாக்டர் போன பிறகு என்னிடம் சொன்னாள்.

“உள்ள வச்சுக் காப்பாத்த முடியல. இதையாவது குடுத்துடணும்.”

அவள் அதை வேண்டுதல் போலச் சொல்லவில்லை. மின்கட்டணம் கட்டணும் என்று சொல்கிற குரலில் சொன்னாள். அதனால்தான் எனக்கு அது இன்றுவரை காதில் இருக்கிறது. இந்தக் கதையில் மற்றது எல்லாம் என் கோமாளித்தனம். விஷயம் அந்த ஒரு வாக்கியம்தான்.

மனைவியைப் பிள்ளையில்லாமல் வீட்டுக்கு அழைத்துவந்தேன். எங்கள் வீடு ஜாலான் புசார் பக்கம். அன்று சாயங்காலமே மனைவியின் அக்கா தெம்பனிஸிலிருந்து வந்துவிட்டார். அவர் மகள் பயன்படுத்திய மின்சார பம்ப் ஒன்று அவர் வீட்டு அலமாரியில் சும்மா கிடந்ததாம். கழுவி, வெந்நீரில் போட்டு, சுத்தமான துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். நான் அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். ஒரு மோட்டார், இரண்டு ரப்பர் குழாய், மார்பில் வைக்க இரண்டு பிளாஸ்டிக் புனல், அதற்குக் கீழே இரண்டு போத்தல், வேகத்தைக் கூட்டக் குறைக்க ஒரு திருகு. இவ்வளவுதானா என்று எனக்கு நிம்மதியாகிவிட்டது. இந்த ஒரு வாரத்தில் எனக்குப் புரிந்த முதல் பொருள் அது.

அக்காவை அடுப்படிக்கு அனுப்பிவிட்டு நானே பக்கத்தில் உட்கார்ந்தேன். மனைவி திருகைக் கொஞ்சமாகத் திருப்பினாள். மோட்டார் பூனை மாதிரி முனகியது. போத்தலில் எதுவும் விழவில்லை.

“இப்படித் தடவிக் குடுத்தா எப்படி வரும்,” என்று சொல்லி, திருகைக் கடைசிவரை திருப்பிவிட்டேன்.

அவளுடைய கால்விரல்கள் மடங்கின. நான் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கேட்டேன்.

“வலிக்குதா?”

“இல்ல.”

இல்லை என்றாள், நானும் எடுத்துக்கொண்டேன். எனக்குத் தேவையான பதில் அது. நேரம் முடிந்தபோது ஒரு போத்தலின் அடியில் மஞ்சளாகச் சில சொட்டு. இன்னொன்றில் ஈரம் மட்டும். நான் எழுந்து கீழே நின்ற என் வேலை வேனுக்குப் போனேன். என் மீட்டரை எடுத்துவந்து ரப்பர் குழாயில் மாட்டி, முள்ளைப் பார்த்தேன். அருமையாக இறங்கியது. நின்ற இடத்தில் நின்றது.

“பம்ப் நல்லாத்தான் இருக்கு. கசிவும் இல்ல,” என்று தீர்ப்புச் சொன்னேன்.

மனைவி ரவிக்கையை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“அப்ப நான்தான் பழுதா?”

நான் மீட்டரின் குழாயைச் சுருட்டிப் பெட்டியில் வைத்தேன். வேலை முடிந்ததும் கருவியைச் சுருட்டி வைப்பது என் நல்ல பழக்கங்களில் ஒன்று.

அடுத்து வந்தது மீன் காலம். அக்கா பால்சுறாவை வேகவைத்து உதிர்த்துப் புட்டு செய்தார். பூண்டைப் பாலில் வேகவைத்தார். முருங்கைக்கீரை, வெந்தயக் களி, மறுபடியும் சுறா. எதிர்வீட்டுச் சீனத்து ஆண்ட்டி பப்பாளிக்காய் போட்ட மீன் சூப்பைக் கிண்ணத்தில் கொண்டுவந்து கதவில் நின்று, குடி குடி என்று சைகை காட்டினார். நான் காலையில் எழுந்ததும் தெக்கா சந்தைக்கு ஓடினேன். முதல் நாள் நல்ல சுறாவாக ஒன்று. இரண்டாம் நாள் இரண்டு. மீன்காரர் என் கூடையையும் என் முகத்தையும் பார்த்தார்.

“என்ன அண்ணே, வீட்ல எத்தனை பேரு பெத்திருக்காங்க?”

“ஒருத்திதான்.”

“பிள்ளைங்க?”

“அதுவும் ஒண்ணுதான்.”

“அப்ப மிச்சத்த நீங்க சாப்பிடுறீங்களா? பாத்து அண்ணே, உங்களுக்கு வந்துடப் போவுது.”

கடையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வந்தால் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று மனசுக்குள் நினைத்தது அவர்களுக்குத் தெரியாது. உண்மையில் மிச்சத்தை நான்தான் சாப்பிட்டேன். அந்த மாதத்தில் எங்கள் வீட்டில் எடை கூடிய ஒரே ஆள் நான்.

அக்காவுக்கு ஒரு கொள்கை உண்டு. பாலை யார் கண்ணிலும் காட்டக்கூடாது, எவ்வளவு வருகிறது என்று வெளியே சொல்லக்கூடாது. கண் பட்டால் சுண்டிப்போகும். போத்தலை முந்தானைக்குள் மறைத்துத்தான் அடுப்படிக்குக் கொண்டுபோவார். நல்ல கொள்கைதான். ஆனால் தொலைபேசியில் அவர் மகள் கேட்டாள், சம்பந்தி கேட்டார், பழைய பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார், எல்லாருக்கும் அவரே தாழ்ந்த குரலில் சொன்னார். “கொஞ்சம்தான் வருது. நான் சொன்னேன்னு சொல்லாத.” இந்த உலகத்தில் என் மனைவியின் பாலைப் பற்றித் தெரியாதவர்கள் குறைந்துகொண்டே போனார்கள்.

ஆனால் அக்கா பயந்த கண் வெளியில் இல்லை. என் தலையில்தான் இருந்தது. மனைவி பம்பை வைத்த நிமிடத்திலிருந்து நான் போத்தலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மீட்டரைப் பார்க்கும் அதே பார்வை. சொட்டு திரண்டு விழுவதற்கு முன்னாலேயே என் தொண்டை விழுங்கியது. அவளும் என்னைப் பார்த்து, போத்தலைப் பார்த்து, மறுபடி என்னைப் பார்த்தாள். திருகு கடைசியில்தான் இருந்தது. நேரம் முடிந்த பிறகும், இன்னும் கொஞ்ச நேரம் என்று நான் சொன்னேன், அவள் சரி என்றாள். கொஞ்ச நாளில் முலைக்காம்பில் வெடிப்பு விழுந்துவிட்டது. அதை என்னிடம் சொல்லவில்லை. சட்டை உரசினால் முகம் சுளிப்பதைப் பார்த்து அக்காதான் கண்டுபிடித்தார்.

“ஏன்டி சொல்லல?”

“சொன்னா குறைக்கச் சொல்வாங்க. குறைச்சா இதுவும் வராது.”

அவளும் நம்பிவிட்டாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் தொழிலில் கற்ற நம்பிக்கை அவளுக்குத் தொற்றிக்கொண்டது. ஒருவேளை அவளுக்கு வேறு நம்பிக்கை எதுவும் கைவசம் இல்லாமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் மருத்துவமனையில், தாய்ப்பால் கொடுப்பதில் உதவுவதற்கென்றே இருக்கும் தாதி ஒருவரிடம் எங்களை அனுப்பினார்கள். தமிழ்ப் பெண். எங்களைவிட வயதில் சிறியவர். ஒரு சின்ன அறையில் திரையை இழுத்துவிட்டு, மனைவியிடம் முதலில் எப்படிச் செய்கிறீர்கள் என்று காட்டச் சொன்னார். மனைவி புனலை வைத்தாள், திருகைக் கடைசிவரை திருப்பினாள், கண்ணை மூடிக்கொண்டாள். தாதி உடனே கையை நீட்டி மோட்டாரை நிறுத்திவிட்டார்.

“இவ்ளோ வச்சுத்தான் தினமும் பண்றீங்களாம்மா? யாரு சொன்னது?”

மனைவி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் அறையில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம்.

“நான்தான்,” என்றேன். “பம்ப் சரியா இழுக்குது. மீட்டர் வச்சுப் பாத்தேன்.”

“என்ன மீட்டர்?”

சொன்னேன். அந்தப் பெண் சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்தார். பிறகு முடியாமல் சிரித்தேவிட்டார்.

“அண்ணே, இது ஏர்கான் இல்ல லா. இது மாரு. உள்ள டாங்கில பால் நிறைஞ்சு கிடக்கு, நாம உறிஞ்சி எடுக்கிறோம்னு நெனச்சீங்களா? உடம்பு விட்டாத்தான் வரும். வலிச்சா விடாது. பயந்தாலும் விடாது. மூளை சொல்லணும், விடுன்னு.”

“அதுக்கு நான் என்ன செய்யணும்?”

“உங்க மூளை இல்ல அண்ணே. அவங்களோடது. நீங்க கொஞ்சம் தள்ளி உக்காருங்க, அதுவே பாதி வைத்தியம்.”

தள்ளி உட்கார்ந்தேன். அவர் ஒரு சின்ன அளவுகோலை வைத்து மனைவியின் முலைக்காம்பு எவ்வளவு அகலம் என்று அளந்தார். அக்கா மகளின் புனல் என் மனைவிக்கு ரொம்பப் பெரியது. காம்பு மட்டும் புனலின் கழுத்துக்குள் போய்வர வேண்டும், சுற்றியிருக்கும் தோலும் சதையும் சேர்ந்து உள்ளே இழுபட்டு உரசினால் புண்தான் வரும் என்றார். பெரிய குழாயில் நிறைய வரும் என்பது எங்கள் தொழிலில் சட்டம். நல்லவேளை, அதையும் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

சின்னப் புனல் ஒன்றைப் பொருத்தி, அதன் ஓரத்தில் ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவினார். அதற்கு முன்னால் வெதுவெதுப்பான துணியை மார்பில் சுற்றி வைத்து, விரல்களால் மெதுவாக வெளியிலிருந்து காம்பை நோக்கி நீவிவிட்டார். முதலில் வேகமாக, இலேசாக. பிள்ளை குடிக்க ஆரம்பிக்கும்போது அப்படித்தான் சப்புமாம். பால் இறங்குகிற உணர்வு வந்ததும் நிதானமாக, கொஞ்சம் ஆழமாக. திருகை எந்த அளவில் வைப்பது என்றால், கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும், இலேசாகச் சங்கடமாக இருக்கிறது என்று தோன்றிய இடத்திலிருந்து ஒரு படி இறக்கி நிறுத்திவிட வேண்டும். மனைவிக்கு அந்த இடம் திருகின் பாதிகூட இல்லை. பம்ப் ஓடும்போதே கையால் மார்பை அங்கங்கே அழுத்திவிடச் சொன்னார். முதுகுக்குத் தலையணை, தோளை இறக்கிவிடுங்கள், குனியாதீர்கள். பிள்ளை போர்த்தியிருந்த துணியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் பிள்ளையின் காணொளியை ஓடவிடுங்கள்.

“வலிக்குதாம்மா இப்ப?”

வலிக்கவில்லை என்பதை மனைவியால் நம்ப முடியவில்லை. தோள் இரண்டும் கீழே இறங்கியிருந்தன. பிரசவத்துக்குப் பிறகு அவள் தோள் அப்படி இறங்கி நான் பார்க்கவில்லை.

“இன்னொண்ணு,” என்றார் தாதி. “போத்தலப் பாக்காதீங்க. ஒரு காலுறைய எடுத்து மாட்டி மூடிடுங்க. சும்மா பாத்துட்டே இருந்தா மனசு கணக்குப் போடும், உடம்பு இறுகிடும்.”

எனக்குத் தெம்பனிஸ் அக்காவின் முந்தானை ஞாபகம் வந்தது. காரணம் வேறாக இருந்தாலும், வைத்தியம் ஒன்றுதான்.

கிளம்பும்போது, மனைவி மேலாடையைச் சரிசெய்துகொண்டிருந்த நேரத்தில், நான் அந்தப் பெண்ணிடம் தனியாகக் கேட்டேன். இனிமேல் நிறைய வரும்தானே?

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

“வலியில்லாம பம்ப் பண்ண வைக்கிறது என் வேலை அண்ணே. அது செஞ்சுட்டேன். அடிக்கடி செஞ்சா நல்லது, பாக்கலாம். ஆனா அவங்களுக்கு நெறைய ரத்தம் போயிருக்கு, வயசும் இருக்கு. எவ்ளோ வரும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்.”

என் காதில் பாக்கலாம் என்பது மட்டும் விழுந்தது. ஏர்கான்காரன் வாடிக்கையாளரிடம் பாக்கலாம் என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். இருந்தும் அன்று நம்பினேன்.

வீட்டில் சன்னல் ஓரமாக ஒரு நாற்காலியைப் போட்டேன். தலையணை, வெந்நீர், துணி, எண்ணெய்க் கிண்ணம், பிள்ளையின் போர்வைத் துண்டு. எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில். இந்த ஏற்பாட்டை நான் செய்த நேர்த்தியைப் பார்த்தால் யாராக இருந்தாலும் கண்வைத்திருப்பார்கள். காலுறைக்குத்தான் தகராறு. வீட்டில் இருந்த நல்ல காலுறை எல்லாம் என்னுடைய வேலைக் காலுறைகள்.

“துவைச்சதுதான்,” என்றேன்.

“எத்தனை தடவ?”

“இன்னிக்கு மூணு தடவ.”

“அப்பவும் உங்க கால்தானே போட்டுச்சு,” என்று சொன்னாலும் வாங்கி மாட்டிக்கொண்டாள். சாம்பல் நிறக் காலுறை போட்ட இரண்டு போத்தல்கள், இரண்டு குட்டி வேலைக்காரர்கள் மாதிரி அவள் மார்பிலிருந்து தொங்கின. அவள் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். வயிற்றுத் தையல் வலிக்கிறது, சிரிக்க வைக்காதீங்க என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள்.

வலி போய்விட்டது. அதை நான் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அந்தக் காலத்தில் எங்களுக்கு நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான். வெடிப்பு ஆறியது. பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே சில சமயம் அவள் நாற்காலியில் கண்ணயர்ந்தாள். முதல் சில நாள் போத்தலில் முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகவும் இருந்தது. ஒருமுறை அடி முழுக்க மூடியிருந்தது. அதைக் குளிர்ப்பையில் பனிக்கட்டிக்கு நடுவில் வைத்து, வேனின் முன்சீட்டில் சீட் பெல்ட்டை மாட்டிவிட்டு, சிராங்கூன் ரோட்டு நெரிசலில் எல்லா வண்டிக்கும் வழிவிட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட்டினேன். ஒரு பொருளைக் குளிராக வைத்திருப்பதுதான் என் தொழில். அந்தப் பெருமையை மட்டும் யாரும் என்னிடமிருந்து பறிக்க முடியாது.

பிறகு குறைய ஆரம்பித்தது.

காலுறைக்குள் இருந்ததால் எனக்கு உடனே தெரியவில்லை. ஆனால் நான் காதால் பார்க்கப் பழகியிருந்தேன். அடுத்த அறையில் நின்று கேட்பேன். சொட்டு விழுந்தால் காலிப் போத்தலில் ஒரு சத்தம், கொஞ்சம் பால் சேர்ந்த போத்தலில் வேறு சத்தம். ஒவ்வொரு நாளும் காலிப் போத்தலின் சத்தமே நீண்டுகொண்டு போனது. அவள் நேரம் தவறவில்லை. சொன்னது எல்லாவற்றையும் செய்தாள். துணி, எண்ணெய், நீவுதல், காணொளி. அக்கா சமைத்ததை முகம் சுளிக்காமல் தின்றாள். யார்மீதும் ஒரு குறை சொல்ல முடியாத அளவுக்கு எல்லாம் சரியாக நடந்தது. பழுது எங்கே என்று தேடிப் பழகியவனுக்கு இதைப்போல ஒரு கொடுமை கிடையாது. எல்லா மூட்டும் இறுக்கமாக இருக்கிறது, மோட்டார் ஓடுகிறது, முள் இறங்குகிறது. குளிர் மட்டும் வரவில்லை.

ஒருநாள் கிராஞ்சியில் ஒரு செடி வளர்க்கும் இடத்தில் வேலை. அங்கே விதைகள் வைக்கும் குளிரறை நின்றுபோயிருந்தது. வெயிலில் சுற்றிலும் தண்ணீர் தெளிப்பான்கள் ஓடிக்கொண்டிருந்தன. எங்கே திரும்பினாலும் தண்ணீர். எனக்கு அதைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. தண்ணீரைப் பார்த்துப் பொறாமைப்பட்ட மனிதன் நான் ஒருவன்தான் இருப்பேன். ஏணியிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போன் போட்டேன்.

“பம்ப் பண்ணியா?”

“இப்பத்தான் முடிச்சேன்.”

“எப்படி?”

“வலிக்கல.”

“நான் அதக் கேக்கல.”

“தெரியும்,” என்றாள். “நீங்க வேலையப் பாருங்க. சாப்பிட்டீங்களா?”

சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். பிறகு ஏணியில் ஏறி, அந்தக் குளிரறையை ஓடவைத்துவிட்டுத்தான் வந்தேன். அது ஓடியது. அன்று அதற்காக எனக்கு அதன்மேல் கோபமே வந்தது.

வார்டில் பிள்ளை கொஞ்சங்கொஞ்சமாகத் தேறிக்கொண்டிருந்தாள். தேறத் தேற அவளுக்கு வேண்டிய பால் கூடியது. இங்கே குறைந்துகொண்டே வந்தது. நாங்கள் கொண்டுபோவதை ஊசியில்லாத சிரிஞ்சில் ஏற்றினால் அதன் முனையைக்கூடத் தாண்டாத நாள்களும் வந்தன. ஒருநாள் டாக்டர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். வேறு தாய்மார்கள் தானமாகக் கொடுக்கும் பால் இருக்கிறது, பரிசோதித்து, சூடாக்கிச் சுத்தம் செய்தது, பிள்ளைக்குக் கொடுக்கச் சம்மதமா என்று ஆங்கிலத்தில் மெல்லக் கேட்டார். முன்பு எங்களுக்கு உதவிய தமிழ்த் தாதியும் பக்கத்தில் நின்றார். நான் மனைவியின் முகத்தைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்தேன்.

மனைவி தாதியிடம் திரும்பினாள்.

“அந்த அம்மாவுக்கு எவ்வளவு வருது?”

“யாருன்னு எங்களுக்கே தெரியாதும்மா. நெறைய பேரோடது.”

“மிச்சம் வருதுன்னுதானே குடுக்கிறாங்க.”

“ஆமாம்மா.”

“நல்லா இருக்கட்டும்,” என்றாள் மனைவி. பிறகு டாக்டரைப் பார்த்து, சரி என்று தலையை ஆட்டினாள்.

நான் அந்த இடத்தில் ஏதாவது ஒரு வேடிக்கை சொல்லியிருக்க வேண்டும். அதுதான் குடும்பத்தில் என் வேலை. மாடு வளர்க்கலாமா என்று ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. நல்லவேளை, அங்கேயே நின்றுவிட்டது.

அதன் பிறகும் அவள் நிறுத்தவில்லை. வருகிற ஒன்றிரண்டு சொட்டைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு, பிள்ளையின் கன்னத்துக்கு உள்பக்கம் தடவலாம், அதுவும் நல்லது என்று தாதி சொல்லியிருந்தார். மனைவி கண்ணாடிப் பெட்டியின் வட்டக் கதவு வழியாகக் கையை விட்டுத் தடவினாள். பிள்ளையின் உதடு அசைந்தது. நக்கிப் பார்க்கிறாள் என்று மனைவி சொன்னாள். எனக்கு அப்படித் தெரியவில்லை, ஆனாலும் ஆமாம் என்றேன். அப்புறம் வேனில் வீட்டுக்கு வரும்போது, பிள்ளை கொட்டாவி விட்டதைத்தான் நாம் பார்த்தோம் என்று அவளே சொன்னாள். என்னைவிட அவள் கண் கூர்மை.

தெம்பனிஸ் அக்கா ஒருநாள் அடுப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, நீங்க சொன்னா கேப்பா. போதும்னு சொல்லுங்க. வராத ஒண்ண உக்காந்து உக்காந்து கேட்டுக்கிட்டே இருக்கா.”

“நான் சொல்ல மாட்டேன் அக்கா.”

“ஏன்?”

“கூட்டச் சொன்னவன் நான். நிறுத்தவும் நானே சொன்னா நல்லா இருக்காது.”

அக்கா கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கடைசியில் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “உக்காருங்க, சாப்பிடுங்க,” என்றார். சுறாப் புட்டுதான். தின்றேன்.

நான் சொல்லவும் இல்லை, அவள் நிறுத்தவும் இல்லை. உடம்பு நிறுத்திக்கொண்டது. ஒரு காலையில் வெதுவெதுப்பான துணி வைத்து, எண்ணெய் தடவி, நீவிவிட்டு, வலியில்லாமல், சுகமாக, சொல்லிக்கொடுத்த முறை ஒன்றுகூடத் தவறாமல் பம்ப் செய்தாள். போத்தல் உலர்ந்தே இருந்தது. மறுநாளும் அதே. அதற்கு அடுத்த நாளும் அதே. பஞ்சுக் குச்சியை நனைக்கக்கூட ஒரு சொட்டு இல்லை.

பிள்ளை வீட்டுக்கு வருவதற்கு முன்பே பால் முழுக்க நின்றுவிட்டது. மருத்துவமனையில் அவள் யார் யாரோ கொடுத்த பாலைக் குடித்தாள். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பால்மாவு குடித்தாள்.